செவ்வாய்க் கிரகத்துக்கு ஐந்து தினார்

நவம்பர் 6, வியாழன் – அம்மான்

அம்மானின் பழைய நகரப் பகுதியில் ஒரு ஃபலாஃபல் சாண்ட்விச்சின் விலை அரை தினார். ஒரு ஜோர்டான் தினார் ஏறத்தாழ 1.4 அமெரிக்க டாலருக்குச் சமம் என்பதால், இந்த நாட்டில் காசை எண்ணிக் கொடுக்கும்போது எல்லாமே மலிவாகத் தோன்றும். இரவு அறையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும்போதுதான் உண்மை உறைக்கும். ஃபலாஃபல் மட்டும் எந்தக் கணக்கிலும் மலிவுதான். அரைத்த கொண்டைக்கடலையை உருட்டி, எள் தூவிப் பொரித்து, சூடு ஆறுவதற்குள் ரொட்டியில் வைத்து நசுக்கி, ஊறுகாயும் எள் விழுதும் சேர்த்துத் தந்தார்கள். கல்லாவில் இருந்த பெரியவர் நாங்கள் இந்தியர்கள் என்று தெரிந்ததும் மேலும் இரண்டு உருண்டைகளைத் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டு, அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

இந்தப் பயணம் முழுக்க முழுக்க என் அக்காவின் திட்டம். ஒரு படத்தைப் பார்த்து முடித்ததும் அது எங்கே எடுக்கப்பட்டது என்று தேடிக் கண்டுபிடிக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. கதாநாயகனையும் நாயகியையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, பின்னால் தெரியும் மலையின் விளிம்புக்கோடு துலக்கமாக இருக்கும் இடத்தில் படத்தை நிறுத்தி, அந்தக் காட்சியைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்வார். ஜோர்டானுக்கென்று அவர் சேர்த்து வைத்திருந்த காட்சிகளைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு ஒன்று விசித்திரமாகப் பட்டது. செவ்வாய்க் கிரகம் இருந்தது, பெயர் தெரியாத வேற்றுலகப் பாலைவனங்கள் இருந்தன, சவூதி அரேபியா இருந்தது. ஜோர்டானாகவே ஜோர்டான் வந்த காட்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இத்தனை படங்களில் நடித்தும் தன் சொந்தப் பெயரில் தலைகாட்ட வாய்ப்பே கிடைக்காத துணை நடிகரைப் போல் ஒரு நாடு.

நகரின் நடுவே இருக்கும் ரோமானிய அரங்கின் படிகளில் மாலை வரை அமர்ந்திருந்தோம். ஆறாயிரம் பேர் அமரக்கூடிய அந்த அரங்கில் பள்ளிச் சிறுவர்கள் உருண்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் பட்டியலில் அது இல்லை.

நவம்பர் 7, வெள்ளி – அம்மானிலிருந்து வாதி மூசா

வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை முடியும் வரை இங்கே கடைகள் பெரும்பாலும் திறப்பதில்லை. போகும் வழியில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று காலையிலேயே வெறும் வயிற்றுடன் கிளம்பியவர்களுக்கு, பாலைவன நெடுஞ்சாலை இறக்கிய ஷட்டர்களை வரிசையாகக் காட்டியது. ஓட்டுநர் எங்கள் முகங்களைக் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். முன்னிருக்கையில் இருந்த தன் பையை எடுத்துப் பின்னால் நீட்டினார். உள்ளே அவித்த முட்டைகள், ஆலிவ் காய்கள், எண்ணெயில் குழைத்த சாத்தர் என்ற மூலிகைப் பொடி தடவி மடித்த ரொட்டிகள். அவர் வீட்டில் அவருக்காகக் கட்டிக் கொடுத்த காலை உணவு அது. வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்படுவார் என்பது தெளிவாகத் தெரிந்ததால் மூவருமாகப் பகிர்ந்து உண்டோம்.

இந்த நெடுஞ்சாலையில் காப்பி குடிக்க வண்டியை விட்டு இறங்கத் தேவையில்லை. சாலையோரக் கடை வாசலில் ஓர் இளைஞர் காலித் தட்டை உயர்த்திச் சுழற்றிக்கொண்டு நிற்பார். வண்டி வேகம் குறைத்தால் சில நொடிகளில் ஏலக்காய் மணக்கும் காப்பியுடன் அதே தட்டு சன்னலுக்கு வந்துவிடும். பால் இல்லாத, அடியில் வண்டல் தங்கும் காப்பி. கடைசி மடக்கைக் குடிக்கக்கூடாது என்று ஓட்டுநர் கையால் தடுத்துக் காட்டினார்.

நண்பகலில் ஒரு சிற்றூரின் பள்ளிவாசல் முன் வண்டியை நிறுத்தி, எங்களிடம் அனுமதி கேட்டுவிட்டுத் தொழப் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் சுடச்சுட ரொட்டிகள் இருந்தன. அதற்குரிய காசை எவ்வளவு வற்புறுத்தியும் அவர் வாங்கவில்லை. ஆனால் வாதி மூசாவில் இறங்கியபோது, பேசியதற்கு மேல் ஐந்து தினார் கேட்டு வாங்கிக்கொண்டார். உணவுக்குக் காசு வாங்குவது இழுக்கு, கூலியை உயர்த்திக் கேட்பது இழுக்கில்லை என்ற இந்தக் கணக்கைப் பயணம் முழுவதும் மீண்டும் மீண்டும் பார்த்தோம். பழகிய பிறகு எனக்கு அது நியாயமாகவே பட்டது.

மலைப்பாறையில் செதுக்கிய பழைய நகரமான பெட்ராவின் வாசலில் சரிவு நெடுகிலும் விடுதிகளாக நிறைந்திருக்கும் ஊர் வாதி மூசா. சாட்டையும் தொப்பியுமாகத் திரியும் சினிமாத் தொல்லியல் பேராசிரியர் இந்தியானா ஜோன்ஸின் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்ட கடைகள் வாசலுக்கு அருகிலேயே இருக்கின்றன. அதே தொப்பியும் விற்பனைக்கு உண்டு. அக்கா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு விலையைக் கேட்டதும் மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

நவம்பர் 8 – வாதி மூசா

இரவு முழுவதும் மழை. காலையில் வாசலுக்குச் சென்றபோது, திடீர் வெள்ள எச்சரிக்கையால் பெட்ரா மூடப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். உலகின் பல பகுதிகளிலிருந்து வந்திருந்த கூட்டம் மழைச்சட்டைகளுடன் நின்று முணுமுணுத்தது. ஒருவர் சத்தமாகவே சண்டை போட்டார். காவலர் குரலை உயர்த்தாமல், மலையை ஒருமுறை, தரையில் ஓடிய செந்நீரை ஒருமுறை கைகாட்டிவிட்டுப் பேசாமல் நின்றார்.

அந்த மௌனத்தின் காரணம் அருங்காட்சியகத்தில் புரிந்தது. வாசலுக்கு அருகிலேயே உள்ள பெட்ரா அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. மழை பெய்யாவிட்டால் நாங்கள் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். பெட்ராவுக்குள் போகும் வழியாகிய சிக் என்ற பாறைப்பிளவு 1.2 கிலோமீட்டர் நீளம் கொண்டது. சில இடங்களில் மூன்று மீட்டர் அகலம்தான் இருக்கும். மேலே மலைகளில் பெய்யும் மழை முழுவதும் அதற்குள் பாய்ந்தால் உள்ளே இருப்பவர்கள் ஓடி ஒதுங்க இடமில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்த நபட்டேயர்கள் இதை அறிந்து, பிளவின் வாயில் அணை கட்டி, பாறையைக் குடைந்து வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்த அமைப்பு பிற்காலத்தில் தூர்ந்துபோயிற்று. 1963இல் வந்த திடீர் வெள்ளத்தில் 20க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் சிக்குக்குள் இறந்தார்கள். அதன் பிறகுதான் பழைய அணை இருந்த இடத்திலேயே புதிய அணை எழுப்பப்பட்டது.

பிற்பகல் உணவு மக்லூபா. சோறும் கத்திரிக்காயும் கோழியும் அடுக்கி வேகவைத்த பாத்திரத்தைப் பெரிய தட்டின் மேல் அப்படியே கவிழ்ப்பார்கள். கடைக்காரர் அதை எங்கள் மேசைக்கே கொண்டுவந்து கவிழ்த்து, பாத்திரத்தின் அடியை மூன்று முறை தட்டிவிட்டு, எங்களில் ஒருவரையே தூக்கச் சொன்னார். அக்கா தூக்கினார், சோறு சிதறாமல் நின்றது, பக்கத்து மேசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கத்திரிக்காய் எண்ணெயில் ஊறி நெகிழ்ந்து, சோற்றோடு சோறாக இறங்கியிருந்தது. இருவருக்கும் சேர்த்து 11 தினார். மூடிக்கிடந்த பெட்ராவைப் பற்றி அதன்பின் நாங்கள் அதிகம் புலம்பவில்லை.

நவம்பர் 9 – பெட்ரா

ஒரு நாள் நுழைவுச்சீட்டு 50 தினார். இரண்டு நாளுக்கு 55. அந்த ஐந்து தினார் வேறுபாடு, ஒரே நாளில் இதைப் பார்த்து முடிக்க முடியாது என்று நிர்வாகமே மறைமுகமாகச் சொல்வது போன்றது. எங்களுக்கோ மழை ஒரு நாளைத் தின்றுவிட்டது.

வாசலிலிருந்து சிக் வரை குதிரைச் சவாரி நுழைவுச்சீட்டிலேயே அடங்கும் என்று குதிரைக்காரர்கள் உரக்கக் கூவுகிறார்கள். அது உண்மைதான். இறங்கும்போது அன்பளிப்பாக எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள் என்பதை மட்டும் ஏறும்போது சொல்வதில்லை. நாங்கள் நடந்தோம். மழை கழுவிய பாறைகள் ரோஜா, காவி, ஊதா என்று வரிவரியாகத் தெளிந்திருந்தன. சுவரின் இருபுறமும் இடுப்பளவு உயரத்தில் நபட்டேயர்கள் வெட்டிய நீர்க்கால்கள் தொடர்ந்து வந்தன. ஓரிடத்தில் சுடுமண் குழாயின் துண்டு இன்னும் பதிந்திருந்தது. மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போக, நான் முந்தைய நாள் அருங்காட்சியகத்தின் தயவால் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன்.

கருவூலம் என்று அழைக்கப்படும் கஸ்னா, பிளவு முடியும் இடத்தில் முதலில் ஒரு கீற்றாகத்தான் தெரிகிறது. ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்துக்கு மலையையே செதுக்கிய முகப்பு. 1989இல் வெளிவந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் இந்தியானா ஜோன்ஸ் படத்தில் நாயகன் குதிரையில் வந்து சேரும் இடம் இதுதான். அக்கா கைப்பேசியை உயர்த்தி, தூண்களையும் உச்சியில் உள்ள கலசத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்து, படம்பிடிப்புக் கருவி நின்ற இடத்தை ஒரு கஜத் துல்லியத்தில் கண்டுபிடித்துவிட்டார். அந்த இடத்தில் இப்போது ஓர் ஒட்டகம் உட்கார்ந்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. எழுப்ப வேண்டுமென்றால் இரண்டு தினார் என்றான் அதன் உரிமையாளன்.

எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு குடும்பத்தின் சிறுமி, உள்ளே எப்போது விடுவார்கள் என்று தன் தந்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே விடமாட்டார்கள். விட்டாலும் அங்கே இருப்பது அலங்காரமில்லாத ஒரு சதுர அறை. படத்தில் வரும் பொறிகளும் மண்டபமும் புனிதக் கிண்ணமும் இங்கிலாந்து ஸ்டுடியோவில் அமைக்கப்பட்டவை. அதுவும் போகட்டும், அந்தக் கதைப்படி இந்த இடம் ஜோர்டானிலேயே இல்லை. துருக்கி எல்லையை ஒட்டிய ஹத்தாய் பகுதியில் இருக்கிறது. உலகத்தில் மிக எளிதாக அடையாளம் காணக்கூடிய ஒரு கட்டடத்தைக் காட்டிவிட்டு, இது வேறு ஊர் என்று சொல்லும் துணிவைக் கண்டு வியக்கத்தான் வேண்டும். மதராஸ் உயர்நீதிமன்றத்தைக் காட்டி இது கல்கத்தா என்று நம் படங்கள் சொன்னால் நாம் சும்மா விடுவோமா என்றார் அக்கா. நம் படங்களில் ஒரு பல்லவி தொடங்கும்போது ஓர் ஊர், முடியும்போது வேறு கண்டம் என்பதை நான் நினைவூட்டிய பிறகு அவர் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

மடாலயம் என்ற தெய்ருக்கு எண்ணூறுக்கும் மேற்பட்ட படிகள். வழியெங்கும் கழுதைக்காரர்கள், "டாக்சி, ஏசி டாக்சி" என்று தங்கள் கழுதையைக் காட்டிச் சிரிக்கிறார்கள். படிகள் செங்குத்தானவை, ஏறுபவர்களும் இறங்கும் கழுதைகளும் எதிரெதிராகச் சந்திக்கும் வளைவுகளில் மனிதர்தான் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பாதி வழியில் துணி விரித்துப் பாசிமணி விற்ற ஒரு பெண் எங்களை நிழலில் உட்காரச் சொன்னார். தான் பதூல் இனத்தைச் சேர்ந்தவர் என்றும், தன் தாய் இங்குள்ள குகை ஒன்றில்தான் பிறந்தார் என்றும், 1985இல் பெட்ரா உலகப் பாரம்பரியச் சின்னமானதையொட்டித் தங்கள் மக்கள் மேலேயுள்ள உம் சைஹூன் கிராமத்துக்குக் குடியமர்த்தப்பட்டார்கள் என்றும் சொன்னார். வீடுகள் வந்தன, மின்சாரம் வந்தது, ஆனால் குழந்தைகள் பெருகியபோது வீடுகள் பெருகவில்லை என்றார். பேச்சின் ஊடே ஒருமுறைகூட மணிமாலையை எடுத்துக் காட்டவில்லை. நாங்களாகக் கேட்டு ஒன்று வாங்கினோம். பேரத்தில் அவர் எங்களைவிடப் பல மடங்கு தேர்ந்தவர்.

தெய்ர், கஸ்னாவைவிடப் பெரியது, எளிமையானது. எதிரே இருக்கும் தேநீர்க் கடையில் விரிப்பின் மேல் சாய்ந்துகொண்டு ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கஸ்னாவில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைத்தது: உட்கார இடம். இறங்கும்போது முழங்கால் பேசத் தொடங்கிவிட்டது.

நவம்பர் 10 – வாதி ரம்

வாதி மூசாவிலிருந்து தெற்கே, நகப் என்னும் மேட்டின் விளிம்பில் சாலை திடீரென்று கீழே இறங்குகிறது. எதிரே புகைமூட்டத்தில் மிதக்கும் தீவுகளாக வாதி ரம் பாலைவனத்தின் குன்றுகள் தெரிந்தபோது அக்கா பேச்சை நிறுத்திவிட்டார்.

பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நுழைய ஆளுக்கு ஐந்து தினார். 2011இல் யுனெஸ்கோ இயற்கை, பண்பாடு என இரு வகையிலும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம் இது. 74,000 ஹெக்டேர் பரப்பில் ஏறத்தாழ 25,000 பாறைச் செதுக்கல்கள் இருப்பதாக யுனெஸ்கோவின் குறிப்பு சொல்கிறது. ஆனால் வாசலில் எங்களைச் சூழ்ந்த ஜீப் ஓட்டுநர்கள் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. "மார்ஸ்? மார்ஸ் பார்க்க வேண்டுமா?" என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி.

நாங்கள் இணையத்தில் பதிவு செய்திருந்தது, பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு உள்ளே, ஆட்டு மயிரில் நெய்த கறுப்புக் கூடாரங்கள் கொண்ட ஒரு சிறிய முகாம். அழைத்துப் போக வந்தவரோ எங்களை எதிர்த்திசையில், வெளியே டிசி ஊர்ப் பக்கமாகக் கொண்டுசென்று, வெள்ளைக் குமிழ்கள் வரிசை வரிசையாக நிற்கும் ஒரு பெரிய முகாமில் இறக்கிவிட்டார். அந்த முகாம் நிறைந்துவிட்டது, இது அதைவிட மேலானது, கூடுதல் கட்டணம் கேட்கமாட்டோம் என்று விளக்கம் சொன்னார்கள். பதிவுச் சீட்டைக் காட்டி அரை மணி நேரம் வாதாடினோம். மறுநாள் இரவு நாங்கள் கேட்ட கூடாரமே தருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் பைகளை இறக்கினோம். எல்லோரும் கடைசி வரை புன்னகை மாறாமல், தேநீர் ஊற்றிக்கொண்டேதான் வாதாடினார்கள்.

அந்தக் குமிழ்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரிட்லி ஸ்காட்டின் தி மார்ஷியன் படம் 2015இல் வெளிவந்தது. அதில் செவ்வாயில் தனியே சிக்கிக்கொள்ளும் விஞ்ஞானி நடமாடும் வெளிகள் இங்கேதான் எடுக்கப்பட்டன. அதன்பின் இங்கே குமிழ்க் கூடாரங்கள் பெருகின. ஒரு பக்கம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், உள்ளே குளிர்சாதனம், மெத்தைக் கட்டில். படுத்தபடியே விண்மீன்களைப் பார்க்கலாம் என்பது விளம்பரம். பிற்பகலில் அதற்குள் இருப்பது இட்லிக் கொப்பரைக்குள் இருப்பதற்கு ஒப்பாகும். இரவில் உள்பக்கம் நீர் கோத்துச் சொட்டியது. முகாமின் விளக்குகள் பத்தரை வரை எரிந்ததால் விண்மீனுக்குப் பதிலாக எதிர்க் குமிழில் பல் துலக்கிக்கொண்டிருந்த மனிதர்தான் தெளிவாகத் தெரிந்தார். திரை இழுக்கும் கயிறு அறுந்திருந்தது. அக்கா தன் துப்பட்டாவைக் கட்டி மறைத்தார். செவ்வாயாக நடித்த இடம், இப்போது படத்தைப் பார்த்துத் தன்னைச் செவ்வாயாக மாற்றிக்கொண்டிருக்கிறது.

நவம்பர் 11 – வாதி ரம்

காலையில் வந்த வழிகாட்டிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ரம் கிராமத்து ஸலாபியா இனத்தவர். பழைய டொயோட்டா பிக்கப்பின் பின்பகுதியில் இரண்டு பெஞ்சுகளைப் பொருத்தி, மேலே துணிப்பந்தல் கட்டியிருந்தார். பகல் முழுவதற்கும் 60 தினார், மதிய உணவு உட்பட. அக்காவைச் "சிஸ்டர்" என்றும் என்னை "ஹபீபி" என்றும் அழைத்தார்.

சிவப்பு மணல் என்று கேள்விப்பட்டிருந்தோம். அருகில் சென்று அள்ளிப் பார்த்தால் அது ஒரே நிறமில்லை. இரும்பு ஆக்ஸைடு பூத்த செம்மணல் ஒரு பள்ளத்தாக்கில், வெளிர்மஞ்சள் அடுத்த பள்ளத்தாக்கில், இரண்டும் சேருமிடத்தில் காற்று இட்ட கோடுகள். மணற்கல் குன்றுகள் கருங்கல் அடித்தளத்தின் மேல் அமர்ந்திருக்கின்றன. மணற்கல் வழியே இறங்கும் மழைநீர் கருங்கல்லில் தடைபட்டு, இரண்டும் சந்திக்கும் மட்டத்தில் ஊற்றாகக் கசிகிறது. அதனால்தான் ஊற்றுகள் எல்லாம் தரையில் இல்லாமல் மலையின் இடுப்பில் இருக்கின்றன. கீழே நின்று பார்த்தால், மலைச்சுவரில் ஓர் அத்திமரமும் அதைச் சுற்றிக் கொஞ்சம் பச்சையும் தெரிந்தன.

அக்காவின் கைப்பேசி வேலை தொடங்கியது. தி மார்ஷியன் காட்சி ஒன்றைக் காட்டியதும் வழிகாட்டி யோசிக்காமல் வண்டியைத் திருப்பினார். விளிம்புக்கோடு அப்படியே பொருந்தியது. ஆனாலும் ஏதோ ஒன்று இசையவில்லை. வானம்தான். படத்தில் அதைப் புழுதி நிறமாக மாற்றியிருந்தார்கள்; எங்கள் தலைக்கு மேலே மழைக்குப் பிந்தைய கருநீலம். செவ்வாய்க்கு இந்த மண் போதுமானதாக இருந்திருக்கிறது, வானம்தான் அளவுக்கு மீறி அழகாக இருந்திருக்கிறது. அடுத்து 2021இல் வந்த டூன், அதற்கும் முந்தைய விண்வெளிப் படங்கள் என்று ஒவ்வொரு குன்றுக்கும் இரண்டு மூன்று கிரகங்களின் பெயர்கள் இருந்தன. டேவிட் லீனின் லாரன்ஸ் ஆஃப் அரேபியா 1961இல் இங்கே படமாக்கப்பட்டபோது தன் தாத்தா ஒட்டகத்தோடு நடித்தார் என்றார் வழிகாட்டி. முந்தின நாள் முகாமின் சமையல்காரரும் இதையேதான் சொல்லியிருந்தார். அந்தப் படத்தில் நடிகர் ஓமர் ஷெரீஃப் கானல்நீருக்குள்ளிருந்து ஒரு கரும்புள்ளியாகத் தோன்றி நெருங்கி வரும் புகழ்பெற்ற காட்சி எங்கே என்று அக்கா கேட்க, அது இங்கே இல்லை, வடகிழக்கில் ஜஃப்ர் என்ற தட்டையான சேற்றுப்படுகையில் என்று அவர் தெளிவாகப் பதில் சொன்னதால், தாத்தா கதையையும் நம்பலாம் என்று முடிவு செய்தோம்.

ஆடுஜீவிதம் என்ற மலையாளப் படத்தைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை, அவராகவே தொடங்கினார். இயக்குநர் பிளெஸ்ஸியும் நடிகர் பிருத்விராஜும் உட்பட 58 பேர் கொண்ட படப்பிடிப்புக் குழு, 2020இல் ஊரடங்கு அறிவிக்கப்பட்டதால் இந்தப் பாலையில் மாட்டிக்கொண்டு மே 22ஆம் தேதிதான் கொச்சிக்குத் திரும்ப முடிந்தது. அப்போது தனக்கு வேலை இல்லை, ஊரில் யாருக்குமே வேலை இல்லை, சுற்றுலா வண்டி ஒன்றுகூட வரவில்லை, கேரளத்துக்காரர்கள் மட்டும்தான் இருந்தார்கள் என்றார். வெளியேற வழியில்லாமல் அரபுப் பாலையில் அகப்பட்ட ஒருவனின் கதையை எடுக்க வந்தவர்கள். அந்தக் கதையிலும் இந்த மண்ணுக்கு வேடம் சவூதி அரேபியாதான்.

மதியம் ஒரு பாறை நிழலில் காய்ந்த குச்சிகளைப் பொறுக்கித் தீ மூட்டினார். கரி பிடித்த வாணலியில் ஆலிவ் எண்ணெய், வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய். பிறகு ஒரு கிலோவுக்குக் குறையாத தக்காளியைக் கையில் வைத்தபடியே கத்தியால் அரிந்து போட்டு, அது குழைந்து எண்ணெய் பிரியும் வரை கிளறாமல் விட்டார். ரொட்டியைக் கிழித்து வாணலியிலிருந்தே தொட்டுக்கொள்ள வேண்டும். ஊரில் தக்காளித் தொக்கு என்றால் நான் இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே வாணலியின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டு முடித்துச் சேஜ் இலை போட்ட தேநீரை ஊற்றும்போது, தீப் என்ற படத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். நாங்கள் பார்த்ததில்லை. அக்காவின் முகம் சற்று மாறியது, அவருடைய சேமிப்பில் அது இல்லை. நாஜி அபு நோவார் இயக்கி 2014இல் வெளிவந்த ஜோர்டான் படம். முதல் உலகப் போர்க் காலத்தில் பதூயின் என்ற பாலைவன நாடோடிக் குலத்துச் சிறுவன் ஒருவனின் கதை. நடித்தவர்களில் பெரும்பாலோர் இந்தப் பகுதியின் பதூயின்கள், அதற்கு முன் கேமராவைப் பார்த்திராதவர்கள். ஆஸ்கர் விருதில் அயல்மொழிப் பிரிவின் இறுதிப் பட்டியலுக்குத் தேர்வான முதல் ஜோர்டான் படமும் அதுவே. அந்தப் படத்தில் எல்லோரும் எங்களைப் போலவே பேசுகிறார்கள், கிணற்றில் எப்படி நீர் இறைப்பார்களோ அப்படியே இறைக்கிறார்கள் என்றார் வழிகாட்டி. அதற்குப் பிறகு பார்த்த இடங்களில் எந்தப் படத்தின் பெயரையும் அவர் சொல்லவில்லை. கஸாலி பிளவுக்குள் கூட்டிச் சென்று, பாறையில் செதுக்கிய காலடித் தடங்களையும் கொம்புடைய ஆடுகளையும், பிரசவிக்கும் பெண் என்று தன் ஊரார் சொல்லும் ஓர் உருவத்தையும் காட்டினார். காலடித் தடம் ஒன்று என் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவே இருந்தது. விரல்கள் ஐந்தும் தனித்தனியாக வெட்டப்பட்டிருந்தன.

இரவில் வாக்களித்தபடி கறுப்புக் கூடாரம் கிடைத்தது. உணவு ஸர்ப்: மண்ணுக்குள் புதைத்த இரும்புப் பீப்பாயில் தணல் இட்டு, அடுக்குத் தட்டில் ஆட்டிறைச்சியும் கோழியும் உருளைக்கிழங்கும் கேரட்டும் வைத்து, மூடி, கம்பளி போர்த்தி, மேலே மணலைக் கொட்டி, மூன்று மணி நேரம் கழித்து எடுக்கிறார்கள். மணலை முதலில் மண்வெட்டியால் தள்ளி, பிறகு கையால் துடைத்து, கடைசியில் கம்பளியை நான்கு மூலையும் பிடித்துத் தூக்கினார்கள். ஒரு துகள்கூட உள்ளே விழவில்லை. காப்பிக் குவளையை அசைத்துக் காட்டினால்தான் போதும் என்று பொருள் என்பதை ஏற்கெனவே படித்திருந்ததால் நான் தப்பித்தேன். அக்கா குவளையைக் கீழே வைக்க வைக்க நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்கும் அவர் விழித்திருந்தார். குளிர் எலும்பைத் தொட்டது. கம்பளிகள் கனமாகவும் ஒட்டக வாடையுடனும் இருந்தன.

நவம்பர் 12 – அகபா

வாதி ரம்மிலிருந்து ஒரு மணி நேரத்தில் செங்கடல். லாரன்ஸ் ஆஃப் அரேபியாவின் உச்சக்காட்சி, முதல் உலகப் போரில் துருக்கியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த அரபுகள் நடத்தும் அகபாத் தாக்குதல். ஒட்டகப் படை பாய்ந்து ஊருக்குள் புக, துருக்கியரின் பீரங்கிகள் திரும்ப முடியாமல் கடலையே பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தக் காட்சியை, அக்கா நாலைந்து கோணங்களில் சேமித்து வைத்திருந்தார். பொருத்திப் பார்க்கத்தான் எதுவும் இல்லை. அகபா நகரமே ஸ்பெயின் நாட்டில் அல்மெரியாவுக்கு அருகே ஒரு கடற்கரையில் செட்டாக எழுப்பப்பட்டது. கெய்ரோவும் எருசலேமும் டமாஸ்கஸும்கூட செவில் நகரத்தில் நடித்தன. வேற்றுக் கிரகங்களாக எல்லாம் நடித்துக் கொடுத்த நாட்டுக்கு, தன் சொந்த அகபாவாக நடிக்கும் வேடத்தைத் தரவில்லை.

வரலாற்றிலும் அந்தப் பாய்ச்சல் அங்கே நடக்கவில்லை. 1917 ஜூலையில் உண்மையான சண்டை, நாங்கள் இரண்டு நாளுக்கு முன் கடந்து வந்த நகப் மேட்டுக்கு அருகில், அபு அல்லிசான் என்ற இடத்தில் நடந்தது. அதில் துருக்கியர் தோற்ற பின், ஜூலை 6ஆம் தேதி அகபா பெரிய எதிர்ப்பின்றிக் கைமாறியது. கடலோரத்தில் உள்ள மம்லுக் சுல்தான்கள் காலத்துக் கோட்டை சிறியது. அதன் அருகே 130 மீட்டர் உயரக் கம்பத்தில் அரபுப் புரட்சியின் கொடி பறக்கிறது. கம்பத்தின் அடியில் குடும்பங்கள் பாய் விரித்துத் தர்பூசணி தின்றுகொண்டிருந்தன. எங்களையும் உட்காரச் சொல்லி ஒரு துண்டு நீட்டினார்கள்.

அக்கா வழக்கத்துக்கு மாறாக இங்கே சோர்ந்துபோவார் என்று நினைத்தேன். அவரோ கைப்பேசியில் அல்மெரியாவின் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தக் கடற்கரைக்கு எந்த ஊரிலிருந்து பேருந்து உண்டு என்று தேடிக்கொண்டிருந்தார். பிற்பகலில் துறைமுகத்துக்குப் பின்தெருவில் ஸயாதியா சாப்பிட்டோம். வெங்காயத்தைக் கருகும் எல்லை வரை வதக்கி, அந்தச் சாற்றில் வேகவைத்த பழுப்புச் சோறும் பொரித்த மீனும். ஒரு தட்டு ஏழு தினார். எலுமிச்சை கேட்டதற்கு ஒரு கிண்ணம் நிறைய நறுக்கி வைத்தார்கள், அதற்குத் தனிக் கணக்கு இல்லை.